முப்பது மைக்ரான் ஒளிப்புள்ளி ஒரு மைக்ரான் கோட்டை எப்படிப் போடுகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டுவதற்காக உங்கள் பட்டறையில் 20 வாட் ஃபைபர் லேசர் மார்க்கிங் மெஷின் வைத்திருக்கிறீர்கள். ஃபெம்டோ விநாடி லேசரால் உலோகத்தின் மேல் நானோ வரிகள் போட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். மார்க்கிங் லென்ஸிலிருந்து விழும் ஒளிப்புள்ளியே 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம் இருக்கும்போது ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கோடு அதிலிருந்து எப்படி வரும் என்பது உங்கள் முதல் கேள்வி. உங்கள் மெஷினிலேயே அதைச் செய்ய முடியுமா என்பது இரண்டாவது. டெஃப்லான் போன்ற பூச்சு எதுவும் இல்லாமல் சோறும் தோசையும் ஒட்டாத பாத்திரம் செய்து விற்கலாமா என்பது மூன்றாவது. உங்களுக்கு முக்கியம் மூன்றாவதுதான் என்று புரிகிறது. ஆனால் அதற்கான பதில் முதல் கேள்விக்குள்தான் இருக்கிறது. அந்த வரிகளைப் போடுவது யார் என்று தெரிந்தால் எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

நான் பன்னிரண்டு வருடமாக ஃபெம்டோ விநாடி லேசரோடு வேலை செய்கிறேன். பெரும்பாலும் எவர்சில்வர், டைட்டானியம், சிலிக்கான் ஆகிய மூன்றின் மேல்தான். இவற்றைப் பற்றிச் சொல்வதைக் கைப்பட்டுச் செய்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா பற்றிப் பேசும் இடத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டவன் மட்டுமே.

முதலில் நேரத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோ விநாடி; அதிலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஃபெம்டோ விநாடி. ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, ஒரு ஃபெம்டோ விநாடியில் 0.3 மைக்ரான்தான் நகரும். எங்கள் லேசரிலிருந்து வரும் ஒரு பல்ஸின் நீளம் 200 ஃபெம்டோ விநாடி. அதாவது காற்றில் பறந்து வரும் அந்த ஒளித்துண்டின் நீளம் 60 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். உங்கள் மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 20 வாட், 20 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் ஒரு பல்ஸில் 1 மில்லிஜூல் ஆற்றல். அது 100 நானோ விநாடிக்குப் பரவி வருவதால் உச்சத் திறன் சுமார் 10 கிலோவாட். எங்களுடையதில் ஒரு பல்ஸுக்கு 1 மைக்ரோஜூல்தான், உங்களுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அது 200 ஃபெம்டோ விநாடிக்குள் அடங்கிவிடுவதால் உச்சத் திறன் 5 மெகாவாட், உங்களுடையதைப் போல் 500 மடங்கு. ஆற்றல் மிகக் குறைவு, திறன் மிக அதிகம். இந்த வேலை முழுவதும் அந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

பல்ஸ் உலோகத்தில் விழுந்ததும் ஒளியை முதலில் வாங்கிக்கொள்பவை எலக்ட்ரான்கள். அவை சில ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடாகிவிடும். அணுக்கள் அடுக்கியிருக்கும் அணிக்கோவை அந்த நேரத்தில் அறை வெப்பநிலையிலேயே இருக்கும். எலக்ட்ரான்கள் தங்கள் சூட்டை அணுக்களிடம் கொடுக்கச் சில பிக்கோ விநாடிகள் ஆகும். ஒரு பிக்கோ விநாடி ஆயிரம் ஃபெம்டோ விநாடி. ஆக, உலோகம் உருகலாமா ஆவியாகலாமா என்று முடிவாவதற்குள் பல்ஸ் வந்து போய் வெகுநேரம் ஆகியிருக்கும். ஒரே இடத்தில் இரண்டு வெப்பநிலைகள் என்று இதைக் கணக்கிடும் முறையை 1974ல் அனிசிமோவும் அவரோடு இருந்த சோவியத் இயற்பியலாளர்களும் கொடுத்தார்கள். இன்றும் எங்கள் கணக்குகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. பட்டறைக் கண்ணோடு பார்த்தால் இதன் பொருள் இதுதான். எவர்சில்வரில் 100 நானோ விநாடியில் சூடு சுமார் 1.3 மைக்ரான் தூரம் பரவிவிடும். 10 பிக்கோ விநாடியில் பரவுவது 13 நானோமீட்டர் மட்டுமே. ஒரு மைக்ரான் இடைவெளியில் வெளிச்சமும் இருட்டுமாக ஏதாவது விழுந்தால், உங்கள் மெஷினில் அது பரவும் சூட்டிலேயே கலங்கிப்போகும். ஃபெம்டோ விநாடியில் விழுந்தது விழுந்தபடி பதியும்.

அந்த வெளிச்சமும் இருட்டும் எங்கிருந்து வருகின்றன? கடற்கரை மணலை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று ஊர் அகலத்துக்கு வீசுகிறது. மணலில் விழும் வரிகளோ ஒரு சாண் அகலம்கூட இல்லை. யாரும் அங்கே கோடு இழுக்கவில்லை. அதேபோல லேசர் இங்கே பேனா இல்லை. 30 மைக்ரான் புள்ளிக்குள் பத்து முப்பது வரிகள் ஒரே சமயத்தில் எழும். எந்த உலோகத்தின் முகமும், எவ்வளவு பாலிஷ் போட்டாலும், நானோ அளவில் மேடு பள்ளமாகத்தான் இருக்கும். அந்த மேடுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பை ஒட்டியே அலையாக ஓடும். உலோகத்தில் இந்த அலைக்கு சர்ஃபேஸ் பிளாஸ்மான் என்று பெயர். கோயில் குளத்தில் கல் எறிந்தால், படியில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் கலந்து சில இடங்களில் எம்பியும் சில இடங்களில் அடங்கியும் நிற்குமே, அதுபோல மேற்பரப்பில் ஓடும் அலையும் மேலிருந்து விழும் ஒளியும் கலக்கும்போது குறுக்கீட்டு விளைவால் வரிவரியாகப் பிரகாசம் கூடிக் குறையும். பிரகாசம் கூடிய இடத்தில் உலோகம் சற்று அதிகம் போய்ச் சிறு பள்ளமாகும். அடுத்த பல்ஸ் வரும்போது அந்தப் பள்ளமே அலையை இன்னும் ஒழுங்காகச் சிதறடிக்கும், பள்ளம் இன்னும் ஆழமாகும். ஒற்றைப் பல்ஸில் உருப்படியாக எதுவும் தெரியாது; பத்து, இருபது, ஐம்பது என்று ஒரே இடத்தில் விழ விழத்தான் வரிகள் தெளியும்.

ஆகவே வரிகளின் இடைவெளியை லென்ஸ் முடிவு செய்வதில்லை. ஒளியின் அலைநீளம்தான் முடிவு செய்கிறது. 800 நானோமீட்டர் டைட்டானியம்-சஃபையர் லேசரில் எவர்சில்வர் மேல் 550 முதல் 700 நானோமீட்டர் வரை இடைவெளி வரும். 1030 நானோமீட்டர் லேசரில் கிட்டத்தட்ட ஒரு மைக்ரான், பெரும்பாலும் அதற்குச் சற்றுக் குறைவு. வரிகளின் திசையை முடிவு செய்வது ஒளியின் தளவிளைவு, அதாவது ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பது. நாங்கள் பேச்சில் போலரைசேஷன் என்றே சொல்வோம். உலோகத்தில் இந்த வரிகள் ஒளியின் மின்புலத்துக்குச் செங்குத்தாக நிற்கும். இந்த இரண்டிலும் எனக்குச் சந்தேகமே கிடையாது. 1965ல் பிர்ன்பாம் ரூபி லேசர் பட்ட குறைக்கடத்திகளில் முதன்முதலாக இத்தகைய வரிகளைப் பார்த்தார். 1983ல் டொரன்டோவில் சைப்பும் அவரது குழுவும் சிதறல், குறுக்கீடு என்ற இந்த விளக்கத்துக்கு முறையான கணிதம் கொடுத்தார்கள். அதன் பிறகு எத்தனையோ ஆய்வகங்களில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாகிவிட்டது.

புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு எவர்சில்வர் தகட்டைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, மேடையில் வைப்போம். லேசர் விநாடிக்கு ஆயிரம் பல்ஸ் வீதம் தட்டும்போது உலோகத்திலிருந்து மெல்லிய விசில் மாதிரி ஒரு சுருதி கேட்கும். ஆயிரம் முறை வெடிக்கும் சின்னஞ்சிறு வெடிப்புகளின் ஒலி அது. சுருதி மங்கினால் குவியம் தகட்டை விட்டு நகர்ந்துவிட்டது என்று திரையைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். முடித்து எடுத்து டார்ச் வெளிச்சத்தில் சாய்த்தால், அந்தச் சதுரம் மயில்கழுத்துப் பட்டு மாதிரி சாயச் சாய நீலம், பச்சை, சிவப்பு என்று மாறும். அடுத்த சதுரத்துக்கு முன்னால் கதிர் வரும் பாதையில் உள்ள அரை அலைத் தகட்டை 45 டிகிரி திருப்புவோம். ஒளியின் தளவிளைவு 90 டிகிரி திரும்பிவிடும். மேடையும் லென்ஸும் கோடு இழுக்கும் திசையும் அப்படியே இருக்கும். ஆனால் இந்தச் சதுரத்தில் நிறம் தெரிய வேண்டுமானால் தகட்டைக் கால் வட்டம் திருப்பிப் பிடிக்க வேண்டியிருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் வரிகள் அப்படியே குறுக்கே படுத்திருக்கும். மேடை எந்தத் திசையில் ஓடினாலும் வரிகள் அதைக் கண்டுகொள்வதில்லை என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்கு "லேசர் கோடு இழுக்கிறது" என்ற எண்ணம் போய்விடும்.

இதற்கு மேல் போனால் தரை அவ்வளவு உறுதியாக இல்லை. அலைநீளத்தில் பாதிக்கும் குறைவான இடைவெளி கொண்ட இன்னொரு வகை வரிகளும் உண்டு. டைட்டானியத்தில் 80, 90 நானோமீட்டர் இடைவெளிகூட வரும், அதுவும் முதல் வகைக்குக் குறுக்குத் திசையில். இவை ஏன் வருகின்றன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆக்சைடு படலத்தின் பங்கு என்கிறார்கள் சிலர், பள்ளங்களுக்குள் ஒளி அடர்த்தி கூடுவது என்கிறார்கள் சிலர். வேறொரு அணி குறுக்கீடே அடிப்படை இல்லை என்று வாதிடுகிறது. நிலைகுலைந்த மேற்பரப்பு தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது என்பது அவர்கள் பக்கம். மணல் வரிகளுக்கு எழுதும் சமன்பாடுகளின் நெருங்கிய உறவுக்காரச் சமன்பாடுகளை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், முதல் வகை வரிகளைத் தொடங்கி வைப்பது ஒளியின் குறுக்கீடுதான்; உருகிய உலோகத்தின் ஓட்டம் அவற்றுக்குக் கடைசி வடிவம் கொடுக்கிறது. பல்ஸ் எண்ணிக்கை கூடக்கூட இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவதை நானே அளந்திருக்கிறேன். ஒளி மட்டுமே காரணம் என்றால் அது ஏன் என்று உடனே சொல்லிவிட முடியாது.

வரிகள் அழகாக வருமா கரடுமுரடாக வருமா என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு ஆற்றல் விழுகிறது என்பதைப் பொறுத்தது. 15 மைக்ரான் ஆரத்துக்கு 1 மைக்ரோஜூல் கொடுத்தால் நடுவில் விழுவது சதுர சென்டிமீட்டருக்கு 0.28 ஜூல். எவர்சில்வர் தேயத் தொடங்கும் வரம்பு 0.1, 0.2 ஜூல் வாக்கில்தான் இருக்கும். அந்த வரம்புக்குச் சற்று மேலே நின்றால் வரிகள் வரும். இரண்டு மூன்று மடங்கு ஏறிப் பல்ஸையும் கூட்டினால் வரிகள் மறைந்து ஆழமான பள்ளங்களும், அப்புறம் மொட்டு மொட்டாக மேடுகளும் எழும். ஒரே இடத்தில் பல முறை அடிபட்ட உலோகம் முதல் அடியில் தாங்கியதை அப்புறம் தாங்காது. வரம்பு இறங்கிக்கொண்டே போகும். ஆகவே யாரோ ஒருவர் கொடுத்த எண்ணை நம்பித் தொடங்காதீர்கள். பல்ஸ் ஆற்றலைப் படிப்படியாகக் கூட்டி வரிசையாகக் குழிகள் போடுங்கள், நுண்ணோக்கியில் விட்டத்தை அளங்கள், விட்டத்தின் வர்க்கத்தை ஆற்றலின் மடக்கைக்கு எதிரே குறித்துக் கோடு போடுங்கள். கோட்டின் சாய்விலிருந்து உண்மையான ஒளிப்புள்ளியின் அளவும், கோடு கீழ் அச்சைத் தொடும் இடத்திலிருந்து வரம்பும் கிடைத்துவிடும். 1982ல் லியூ என்பவர் சொன்ன வழி இது. நாற்பது வருடம் தாண்டியும் இதைவிட எளிதான வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தயாரிப்பாளர் காகிதத்தில் 30 மைக்ரான் என்று போட்டிருக்கும் புள்ளி தகட்டின் மேல் 38 ஆக இருந்ததை இதை வைத்துத்தான் ஒருமுறை கண்டுபிடித்தேன். அதற்கு முந்தைய இரண்டு மாதக் கணக்கை முழுவதும் திரும்பப் போட வேண்டியிருந்தது.

இப்போது உங்கள் மெஷினுக்கு வருகிறேன். இந்த ஒழுங்கான வரிகள் அதில் வராது. சூடு பரவுவது ஒரு காரணம் என்று முன்பே சொன்னேன். இன்னொரு காரணம், வழக்கமான ஃபைபர் மார்க்கிங் லேசரின் ஒளிக்கு நிலையான தளவிளைவு இருக்காது. திசை சொல்ல ஆள் இல்லாமல் வரி எந்தப் பக்கம் படுக்கும்? நானோ விநாடி லேசரில் வரிகளே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். பிர்ன்பாம் பார்த்தது நீளமான பல்ஸில்தான். ஆனால் அதை நம்பித் தொழில் செய்ய முடியாது. உங்கள் மெஷினிலும் எவர்சில்வரில் நீலமும் மஞ்சளும் வரவழைக்கலாமே என்று கேட்பீர்கள். அது வேறு. பைக் சைலன்சர் சூட்டில் நீலமும் மஞ்சளுமாக ஆகுமே, அதே ஆக்சைடு படலத்தின் நிறம். இரண்டையும் பிரித்தறிய ஒரு டார்ச் போதும். சாய்க்கும்போது வானவில் வரிசையில் நிறம் ஓடினால் அவை வரிகள். எப்படிச் சாய்த்தாலும் ஏறக்குறைய அதே நிறம் என்றால் அது படலம். நானோ வரிகள் என்று சொல்லி யாராவது உங்களிடம் மாதிரி காட்டினால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

தண்ணீர் விஷயம்தான் இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். நானும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், எவர்சில்வரில் இரண்டு அடுக்காக, அதாவது பத்து இருபது மைக்ரான் மேடுகளும் அவற்றின் மேல் நானோ வரிகளுமாக, ஒரு தகடு செய்தேன். அன்று மாலையே அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சொட்டு நிற்கவே இல்லை. தாளில் விழுந்த எண்ணெய் மாதிரி ஒரே நொடியில் நாலாபக்கமும் பரவித் தகடு முழுவதும் நனைந்துவிட்டது. செய்தது தவறு என்று நினைத்து ஒரு டப்பாவில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து வேறொன்றைத் தேடும்போது அது கையில் பட்டது. ஏதோ தோன்றி ஒரு சொட்டு விட்டேன். சொட்டு தகட்டைத் தொட்டதும் முழு உருண்டையாகி, என் கை லேசாக ஆடியதிலேயே உருண்டு கீழே விழுந்தது. தகட்டில் ஈரத்தின் சுவடே இல்லை. இந்த மூன்று வாரத்தில் அதன் வடிவத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது அதன் மேல்தோல்.

நடந்தது என்னவென்று இப்போது தெளிவாகத் தெரியும். லேசர் பட்ட புது உலோக ஆக்சைடுக்குத் தண்ணீரை மிகவும் பிடிக்கும். காற்றில் எப்போதும் கொஞ்சம் கரிமச் சேர்மங்கள் மிதந்துகொண்டிருக்கும். நாளாக ஆக அவை அந்த மேற்பரப்பில் ஒட்டி, நானோமீட்டர் கணக்கில் மெல்லிய ஒரு படலமாகிவிடும். அந்தப் படலத்துக்குத் தண்ணீர் பிடிக்காது. மேடு பள்ளம் செய்யும் வேலை, இருக்கும் குணத்தைப் பெரிதாக்குவது மட்டும்தான். தண்ணீரை விரும்பும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினால் இன்னும் அதிகம் விரும்பும்; வெறுப்பதைச் சொரசொரப்பாக்கினால் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொண்டு சொட்டு அதன் மேல் மிதக்கும். சேர்கோணம், அதாவது சொட்டின் விளிம்பு தகட்டோடு செய்யும் கோணம், 150 டிகிரியைத் தாண்டுவது அப்போதுதான். 100 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. தாமரை இலையும் இதையே செய்கிறது. பத்து மைக்ரான் உயர மேடுகள், அவற்றின் மேல் நானோ அளவில் மெழுகு. 1997ல் ஜெர்மனியில் பார்த்லாட்டும் நைன்ஹுயிஸும் இதை விளக்கினார்கள். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்வதில் இலையின் மெழுகுக்குப் பாதிப் பங்கு உண்டு. ஆகவே "பூச்சே இல்லாமல்" என்று வீடியோவில் சொன்னது முழு உண்மை இல்லை. பூச்சு இருக்கிறது, அதைப் பூசியது காற்று.

இதை வைத்துப் பாத்திரத்தை யோசியுங்கள். தண்ணீரைத் தள்ளுவது ஒன்று, எண்ணெயைத் தள்ளுவது வேறொன்று. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரில் பாதிகூட இருக்காது; பள்ளங்களுக்குள் புகுந்து காற்றை வெளியேற்றிவிடும். ஒருமுறை தாளித்தால் போதும், அந்த மேற்பரப்பின் நிலை மாறிவிடும். மாவிலும் சோற்றிலும் உள்ள ஸ்டார்ச் பள்ளங்களில் இறங்கிச் சூட்டில் இறுகினால் வழவழப்பான பாத்திரத்தைவிட மோசமாகவே பிடித்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு அந்த மெல்லிய படலத்தை எடுத்துவிடும், கம்பி நார் வரிகளையே மழுங்கடித்துவிடும். வரிகளின் ஆழம் சில நூறு நானோமீட்டர்தான். கம்பி நாரில் ஒரு இழுப்பு போதும். சமையல் பாத்திரத்துக்கு இது வேண்டாம் என்பதே என் பதில். எதிர்காலத்தில் யாரும் தீர்வு காண மாட்டார்கள் என்று சொல்லவில்லை. இன்று தெரிந்த முறைகளில், தேய்ப்பும் எண்ணெயும் சூடும் சேரும் இடத்தில் இது நிற்காது.

வேகமும் ஒரு தடை. 100 கிலோஹெர்ட்ஸ் லேசரை விநாடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பத்து மைக்ரானுக்கு ஒரு கோடு இழுத்தால், விநாடிக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் முடியும். ஒவ்வொரு புள்ளியிலும் சுமார் 70 பல்ஸ் விழுந்திருக்கும், அது சரியான அளவு. ஆனால் ஒரு சதுர மீட்டரை முடிக்க 10 லட்சம் விநாடி, பதினொன்றரை நாள். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, கண்ணாடி ஸ்கேனரால் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓட்டினாலும் 28 மணி நேரம். 2015ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் சுன்லேய் குவோவின் குழு பிளாட்டினம், டைட்டானியம், பித்தளை ஆகியவற்றில் தண்ணீர் துள்ளி ஓடும் மேற்பரப்பைக் காட்டியது. நீங்கள் பார்த்த வீடியோ பெரும்பாலும் அதிலிருந்துதான் வந்திருக்கும். அப்போது ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலத் துண்டைச் செய்ய ஒரு மணி நேரம் ஆனது. இன்று சுழலும் பலமுகக் கண்ணாடிகளை வைத்து இதைப் பல மடங்கு வேகமாக்கியிருக்கிறார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் இரண்டு கதிர்களை ஒரே இடத்தில் மோதவிட்டுக் குறுக்கீட்டு வரிகளை நேரடியாகவே பதிக்கிறார்கள். அதில் இடைவெளியை அலைநீளம் தானாக முடிவு செய்யாது, கதிர்கள் சந்திக்கும் கோணத்தை வைத்து நாம் முடிவு செய்யலாம். தொழிற்சாலைக்கு அந்த வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பாத்திரத்துக்கு ஆகாது என்பதால் இந்த நுட்பமே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் தொடாத, தேய்க்காத இடங்களில் இது செய்யும் வேலை எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. 1990களின் கடைசியில் ஹார்வர்டில் எரிக் மஸூரின் குழு, சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவுக்குள் வைத்து சிலிக்கான் மேல் ஃபெம்டோ விநாடி பல்ஸ்களை விட்டது. பளபளத்த சிலிக்கான் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் கூர்கூரான ஊசிக்காடு. உள்ளே போன ஒளி ஊசிகளுக்கு இடையே மோதி மோதி வெளியே வர வழியில்லாமல் போகிறது. சாதாரண சிலிக்கான் கண்டுகொள்ளாத அகச்சிவப்பைக்கூட அது விழுங்கியது, ஏனென்றால் வாயுவிலிருந்து கந்தகமும் உள்ளே புகுந்திருந்தது. இரவில் பார்க்கும் கேமரா உணரிகளில் அது பயனுக்கு வந்தது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் வெள்ளி, தங்கம் ஆகியவற்றில் லேசரால் நானோ கட்டமைப்புகள் செய்து, வெடிமருந்தின் மிகச் சிறிய தடயத்தைக்கூட ராமன் ஒளிச்சிதறல் மூலம் கண்டுபிடிக்கும் தகடுகளாக மாற்றியிருக்கிறார்கள். பெர்லினில் செய்த சோதனைகளில், எஞ்சின் எண்ணெய்க்குள் டைட்டானியம் உரசும்போது இந்த வரிகளால் உராய்வு நன்றாகக் குறைந்தது. ஸ்டீலில் அந்த அளவு பலன் இல்லை. ஒரு உலோகத்தில் கிடைத்ததை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பாக்டீரியாவை ஒட்டவிடாது என்ற பேச்சிலும் அதே எச்சரிக்கை வேண்டும். ஜெர்மனியில் ஸ்டீல் மேல் செய்த ஆய்வில் ஈ.கோலை ஒட்டுவது குறைந்தது, ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கோ அதே வரிகள் வசதியாகவே அமைந்தன. அந்தப் பாக்டீரியா ஒரு மைக்ரான் உருண்டை, பள்ளத்துக்குள் உட்கார இடம் கிடைத்திருக்கலாம். "கிருமி ஒட்டாத ஸ்டீல்" என்று பொதுவாக எழுதி விற்பவரிடம், எந்தக் கிருமி என்று கேளுங்கள்.

ஃபெம்டோ விநாடி லேசர் வாங்கும் யோசனை இருந்தால், விலை உங்கள் மெஷினைப் போல் பல மடங்கு. குறுகிய பல்ஸை நேரடியாகப் பெருக்கினால் பெருக்கும் படிகமே எரிந்துவிடும். முதலில் நீட்டி, பெருக்கி, பிறகு சுருக்கும் முறையை டோனா ஸ்ட்ரிக்லாண்டும் ஜெரார்ட் மூருவும் 1985ல் கொண்டுவந்தார்கள். 2018ல் அதற்கு நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது. அந்த நீட்டலும் சுருக்கலும் பெரும்பாலான மெஷின்களுக்குள் இருப்பது விலை இவ்வளவு ஆவதற்கு ஒரு காரணம். கூடவே இரண்டு விஷயங்களை யாரும் விற்பனைத் தாளில் பெரிதாகப் போட மாட்டார்கள். 1030 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. சிதறி வரும் சிறு கதிர்கூட விழித்திரையைச் சுட்டுவிடும், அந்த அலைநீளத்துக்கென்றே உள்ள கண்ணாடி இல்லாமல் அறைக்குள் போகக் கூடாது. புகையில் வருவது நானோ துகள்கள், சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் போதாது, வடிகட்டியோடு உறிஞ்சும் கருவி வேண்டும். செறிவை மிகவும் ஏற்றினால், சதுர சென்டிமீட்டருக்கு 10 லட்சம் கோடி வாட்டைத் தாண்டும்போது, பிளாஸ்மாவிலிருந்து எக்ஸ் கதிரும் வரத் தொடங்கும். மேலே சொன்ன கணக்கில் நாம் அதற்குக் கீழேதான் இருக்கிறோம், ஆனால் வேகம் கூட்ட ஆசைப்படுகிறவர்கள் அங்கே போய்விடுகிறார்கள்.

அதனால் இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். இந்த லேசர் உள்ள ஏதாவது ஒரு ஆய்வகத்திலோ ஜாப் வொர்க் செய்யும் இடத்திலோ உங்கள் எவர்சில்வர் தகட்டில் ஒரு சென்டிமீட்டர் சதுரங்கள் நான்கு போட்டுத் தரச் சொல்லுங்கள். வாங்கிய அன்றே ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், பரவினால் பயப்பட வேண்டாம். மூன்று வாரம் மூடிய டப்பாவில் வைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். பிறகு ஒன்றில் நல்லெண்ணெய் தடவித் துடையுங்கள், ஒன்றைச் சோப்பு போட்டு இருபது முறை தேயுங்கள், ஒன்றில் கஞ்சியை ஊற்றி அடுப்பில் காயவிடுங்கள், ஒன்றை ஒன்றும் செய்யாமல் வைத்திருங்கள். நான்கிலும் ஒரே அளவு சொட்டு விட்டுப் பக்கவாட்டிலிருந்து போனில் படம் எடுங்கள். முடிந்தால் அந்தப் படங்களை இங்கே போடுங்கள், சேர்கோணத்தை நான் அளந்து சொல்கிறேன்.